ஜோடிக் கதவுகள்

கலங்கரை காலனியில் கதவுகள் ஜோடி சேர்ந்தது ஒரு புதன்கிழமை காலை, பால் பாக்கெட் வந்து, தண்ணீர் லாரி இன்னும் வராமல், துறைமுகத்தில் ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். மேல்மாடியில் பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று இருபத்து நான்கு வீடுகள் எங்களுடையவை. பால் எடுக்க நான் மேலே என் கதவைத் திறந்தேன், கீழே ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. துடைப்பமும் கையுமாக வெளியே நின்ற டீச்சர் அதைத் தள்ளித் திறந்தாள், என் கதவு சாத்திக்கொண்டு முதுகில் தட்டியது. நான் திறந்தேன், அவள் கதவு மூடியது. அவள் திறந்தாள், என் கதவு மூடியது. அதே நேரத்தில் மற்ற வீடுகளிலும் இதே கூத்து நடந்துகொண்டிருந்ததால் காலனி முழுவதும் கதவுச் சத்தமாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு மேல்வீட்டுக் கதவுக்கும் கீழ்வீட்டில் ஒரு ஜோடி இருந்தது. ஒன்றைத் திறந்தால் மற்றது சாத்திக்கொள்ளும். மெல்லத் திறந்தால் மெல்லச் சாத்தும், உதைத்துத் திறந்தால் அறைந்து சாத்தும். இரண்டும் மூடியிருக்கலாம், இரண்டும் திறந்திருக்க முடியாது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை, அதைத் தேடவும் எங்களுக்கு நேரம் இல்லை, ஏனென்றால் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் போக வேண்டியிருந்தது. ஆசாரி வந்து பார்த்து மரத்தில் கோளாறு இல்லை என்றார். ஒரு வீட்டில் மரக்கதவைக் கழற்றி இரும்புக் கதவு போட்டார்கள், அது இன்னும் பலமாக அறைந்தது. இன்னொரு வீட்டில் கதவே வேண்டாம் என்று துணித்திரை தொங்கவிட்டார்கள், ஜோடி வீடு திறந்ததும் திரை இழுத்துக்கொண்டு பலகையாக விறைத்து நின்றது. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் நறுக்கினார், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார், கடைசியாக அரசாங்க இன்ஜினியர் வந்து நிலைகளை எல்லாம் அளந்து, மூன்று வீட்டில் டீ குடித்து, குடியிருப்போர் தங்களுக்குள் அனுசரித்துக்கொள்ளவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் இன்றும் மாட்டி வைத்திருக்கிறோம்.

அனுசரிப்பது அவ்வளவு லேசில் வந்துவிடவில்லை, பெருமை பேசுகிறேன் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டோம். நானே ஒரு நாள், டீச்சர் வீட்டில் டியூஷன் பிள்ளைகள் வந்துபோகும் நேரம் என்று தெரிந்தும், என் வீட்டுக் கதவைக் கல் வைத்துத் திறந்து போட்டுவிட்டு மொட்டைமாடியில் வடாம் காயப்போடப் போனேன். பிள்ளைகள் வெயிலில் நின்றன. என் வீடு, என் கதவு, நான் திறக்கிறேன் என்றுதான் அன்று எல்லோரும் சொன்னோம், நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அதை மாற்றியது ஒரு விரல். மேல்வீட்டில் இருந்த சிவபெருமாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இருபது டன் இரும்பைப் பூப்போல இறக்கி வைப்பார் என்று பெயர் வாங்கியவர், வீட்டில் மட்டும் தொட்டதற்கெல்லாம் கோபம். அவர் கதவுக்கு ஜோடி, கீழ்வீட்டு ஆவுடையப்பன் கதவு. ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், சிவபெருமாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வாசல் நிலையில் கை ஊன்றிக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவதுதான் அவர் உத்தியோகம். அன்று சிவபெருமாளுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, கதவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஒரு உதை விட்டார். கீழே கதவு அறைந்தது. நிலையில் ஊன்றியிருந்த வலது கை ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது.

சிவபெருமாள்தான் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுப் போட்டு முடியும்வரை வராந்தாவில் நின்றார், திரும்பக் கொண்டுவந்து விட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்ற பேச்சு அவர் வாயில் வராது, அந்த மனிதர் அப்படி. ஆவுடையப்பன் சிரித்தார். "பீடி பிடிக்க இன்னொரு வெரலு இருக்குல்லா," என்றார். அவர் மனைவி தங்கபுஷ்பம் மதினி சிரிக்கவில்லை. அன்றோடு மேல்வீட்டுடன் பேச்சை நிறுத்தினாள்.

அந்த வாரம்தான் ஸ்டெல்லா டீச்சர் எல்லோரையும் மாடிப்படியில் உட்காரவைத்து மிஸ்டு கால் முறையைக் கொண்டுவந்தாள். திறக்க நினைக்கிறவர் ஜோடி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் திறப்பது என்றால் ஒன்று, ரொம்ப நேரம் திறந்து வைப்பது என்றால் இரண்டு. அந்த வீட்டிலிருந்து பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் வந்தால் திறக்கலாம். வராவிட்டால் அங்கே யாரோ நிலையில் நிற்கிறார்கள், அல்லது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள், அல்லது நமக்குத் தெரியாத வேறு என்னவோ; கையை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஜோடிப் பட்டியலை நான் பெரிய எழுத்தில் எழுதி இன்ஜினியர் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

இனி நான் பெருமை பேசுவேன், கேட்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை தாழ்ப்பாளில் கை வைத்து, முப்பது தடவையும் இன்னொரு வீட்டை நினைத்துப் பார்த்து, அங்கே இப்போது யார் எந்தப் பக்கம் நிற்பார்கள், காபி டம்ளரோடு நிற்பார்களா, கண் தெரியாமல் தடவிக்கொண்டு நிற்பார்களா என்று யோசித்து, பதில் வந்த பிறகும் கதவை விரல் நுனியால் தள்ளித் திறக்கப் பழகிவிட்டால், மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். எங்கள் காலனிக்காரர் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கினால் பின்சீட்டுக்காரரின் முழங்கையைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். எங்கள் பெண்கள் தண்ணீர் லாரி வரிசையில் வாய் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு நிற்பார்கள், அந்த ஒரு மூச்சில் பாதிச் சண்டை கரைந்துவிடும். ஊரில் எங்களை மிஸ்டு கால் காலனி என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். பேச்சே இல்லாத சிவபெருமாளும் தங்கபுஷ்பம் மதினியும்கூட மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் மிஸ்டு கால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அழைப்பை ஒருவர் எடுத்துப் பேசியது கிடையாது.

சிவபெருமாளின் ஒரே மகள் செண்பகவல்லி. துறைமுக வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் வேலை பார்த்தாள். திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரக்கார டிரைவர்கள் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும், எண் ஆடி அடங்கி அசையாமல் நின்ற பிறகுதான் சீட்டு எழுதுவாள். இருபத்தெட்டு வயது. மூன்று வரன் தட்டிப்போயிருந்தன, இரண்டு சிவபெருமாளின் வாயால், ஒன்று எங்கள் கதவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு. நாலாவதாக ஒரு நல்ல இடம் வந்தது. கதவு விஷயத்தைச் சொன்னோம், மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்தம்மாள், பொண்ணு எங்க வீட்டுக்குத்தான வரப்போறா, எங்க கதவு ஒழுங்காத்தான் இருக்கு என்றாள். வேறு ஏதாவது தடங்கல் வந்தால் அதோடு சரி என்று தரகரிடம் சொல்லியனுப்பியும் இருந்தாள். சகுனம் பார்க்கிற மனுஷி. ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு மேல் பதினொன்றே முக்காலுக்குள் நிச்சயதாம்பூலம் என்று குறித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆவுடையப்பன் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். மதினி ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள், கழுத்தில் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை, ஒரே மகன் மஸ்கட்டில். அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பி வாய்க்கு வந்த நேரத்தில், மேலே நாற்காலிகள் இழுக்கும் சத்தம் கேட்டது, கேசரி கிண்டும் நெய் வாசம் ஜன்னல் வழியாக இறங்கியது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். ஒரு காலனியில் பிணம் கிடக்கும்போது அங்கே நல்ல காரியம் நடக்காது. அழுகைச் சத்தம் கேட்டால் தாம்பூலத் தட்டை மூடி வைத்துவிட்டு எல்லோரும் இறங்கி வந்துவிடுவார்கள். துட்டி வீட்டுக் கதவை உயிர் போன நேரத்திலிருந்து பதினாறு நாள் சாத்துவதும் கிடையாது. துக்கம் கேட்க வருகிறவர்கள் தட்டக்கூடாது, அவர்களை வாங்க என்று யாரும் அழைக்கக்கூடாது, போகும்போது போய்வருகிறேன் என்று அவர்கள் சொல்லக்கூடாது, அதனால் கதவு திறந்தே கிடக்க வேண்டும். சாத்திய கதவைப் பார்த்தால் வந்தவர் திரும்பிவிடுவார். கேட்கப்படாத துக்கம் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்று எங்களுக்கு ஒரு பயம் உண்டு.

மதினி கதவைப் பார்த்தாள். அது திறந்திருந்தது. அவள் இப்போது அழுதால் மேலே நிச்சயம் நின்றுபோகும், சொர்ணத்தம்மாள் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாள், நாலாவது வரனும் தட்டிய பெண் என்ற பெயர் செண்பகவல்லிக்கு நிலைக்கும். மூன்று வருஷமாகப் பேசாத மனிதனின் மகள். ஆனால் அவள் ஸ்கூல் விட்டு வந்து இந்த வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள், ஆவுடையப்பன்தான் அவளுக்கு சைக்கிள் பிடித்துப் பழக்கினார். பத்தே காலுக்கு மதினியின் செல்போன் ஒரு தடவை அடித்து நின்றது, மறுபடி அடித்து நின்றது. இரண்டு மிஸ்டு கால். ரொம்ப நேரம் திறக்க வேண்டும் என்று சிவபெருமாள் கேட்கிறார்.

பிறகு அவள் எங்களிடம் சொன்னாள். "அவுக மொகத்தப் பாத்தேன். என்ன செய்யன்னு கேட்டேன். இருந்திருந்தா என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாதா. எந்திரிச்சுப் போயி கதவச் சாத்துனேன். நாப்பது வருசம் குடித்தனம் பண்ணுனவுகள உள்ள வச்சுக்கிட்டு நானே சாத்துனேன். சாத்திட்டுத்தான் மிஸ்டு கால் குடுத்தேன்."

மேலே கதவு அகலமாகத் திறந்தது. பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் வந்தார்கள், வேனிலிருந்து இறங்கி, பழத்தட்டும் பூத்தட்டுமாக, சாத்திக் கிடந்த கீழ்வீட்டுக் கதவைத் தாண்டிப் படியேறிப் போனார்கள். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேலேதான் இருந்தேன், சிரித்தேன், பன்னீர் தெளித்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. கீழே மதினி அவரைக் கட்டிலில் கிடத்தி, முகம் துடைத்து, தாடையைத் துண்டால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி, அழுகை வரும்போதெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பனை ஓலை விசிறியால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றே காலுக்கு மாடியில் தட்டு மாற்றினார்கள், நாங்கள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டோம். "அந்தக் கொலவச் சத்தத்துல ஒரு தடவ வாய்விட்டு அழுதுக்கிட்டேன்," என்றாள் மதினி. "யாருக்கும் கேக்கல."

செண்பகவல்லிக்குத்தான் உறுத்தியது. ஆவுடையப்பன் தினமும் பதினோரு மணிக்குப் பேப்பரோடு வாசலுக்கு வருவார், அதற்காக மதினி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், மேல்கதவை ஒரு நிமிஷம் சாத்திக் கொடுப்பார்கள், மூன்று வருஷத்தில் மாறாத வழக்கம். இன்றைக்கு விசேஷம் என்று விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் பெரியப்பா அப்படி விட்டுக்கொடுத்தால் கீழே நின்று ஜன்னல் கம்பியைத் தட்டி ஒரு கேலியாவது பேசியிருப்பாரே என்று அவளுக்குத் தோன்றியது. தாம்பூலம் மாற்றி முடிந்து, வந்தவர்கள் பந்தியில் கை நனைத்து எழுந்ததும், ஒரு தட்டில் கேசரியோடு புதுப்பட்டுச் சரசரக்கக் கீழே இறங்கிப் போனாள்.

ஜன்னல் வழியே தலைமாட்டு விளக்கு தெரிந்தது.

"கேசரிய அந்த ஜன்னல்ல வச்சுட்டுப் போ தாயி," என்றாள் மதினி உள்ளிருந்து, குரலை மட்டும் அடக்கிக்கொண்டு. "சம்மந்திக்காரவ வேன்ல ஏறட்டும். அப்பறம் நான் சொல்லுதேன்."

செண்பகவல்லி அசையாமல் நின்றாள். எண் ஆடி அடங்குவதற்கு எடைமேடையில் எவ்வளவு நேரம் நிற்பாளோ அவ்வளவு நேரம் நின்றாள். ஒன்றும் தெரியாதவள்போல மேலே போய்விடலாம், இன்னும் அரை மணி நேரத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும், யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் கை வைத்தாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? மேல மாப்பிள வீட்டுக்காரவ இருக்காவ. கதவு சாத்திக்கிடும்."

"தெரியும் பெரியம்மா. பெரியப்பா கதவு தொறந்திருக்கணும்."

"உனக்காகத்தான ஒக்காந்திருக்கேன், பாவி."

"எனக்காக நீங்க இருந்தது போதும்," என்றாள் செண்பகவல்லி, மெல்லத் தள்ளினாள், கதவு திறந்தது.

மேலே எங்கள் கண் முன்னால், வெற்றிலை மென்றுகொண்டிருந்த பதினொரு பேரையும் உள்ளே வைத்து, கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. சொர்ணத்தம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். சிவபெருமாள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார், முகம் சிவந்துவிட்டது, விசேஷ வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்களே என்ற கோபம், எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த விரல் ஞாபகம் வந்தது. அப்போது அவர் பையில் செல்போன் அடித்தது. மகள். எடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளில் இருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது டன் இரும்பை அந்தரத்தில் நிறுத்திவைத்திருக்கும்போது அவர் அப்படித்தான் நிற்பார் என்று துறைமுகத்துக்காரர்கள் சொல்வார்கள். பிறகு கையை எடுத்தார்.

"சம்மந்தியம்மா," என்றார், அவர் குரலில் நாங்கள் அதுவரை கேட்காத ஒரு தணிவு இருந்தது. "கீழ்வீட்டு அண்ணாச்சி தவறிட்டாவ. எங்க கதவத் தொறந்தா அவுக கதவு சாத்திக்கிடும். என்னால தொறக்க முடியாது. பால்கனியில ஏணி வைக்கச் சொல்லுதேன், எல்லாரும் அது வழியா எறங்கணும். உங்களுக்கு இது தடங்கலாப் பட்டா நான் ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல."

செண்பகவல்லியின் அம்மா தாம்பூலத் தட்டை எடுத்து மூடினாள்.

"எப்பத் தவறுனாவ?" என்றாள் சொர்ணத்தம்மாள்.

"ஒம்பதரைக்காம்."

"நாங்க வந்தது பத்தரைக்கு." அவள் விரல் விட்டு எண்ணினாள். "அந்தம்மா கதவச் சாத்திக்கிட்டா இருந்தாவ?"

"ஆமா."

சொர்ணத்தம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். நல்ல கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு.

"ஏணி எங்கன இருக்கு?" என்றாள்.

வெள்ளையடிக்கும் அந்தோணிக்கண்ணு தன் மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார், மாப்பிள்ளை முதலில் இறங்கி அதைக் கீழே பிடித்துக்கொண்டான், அடுத்ததாகச் சொர்ணத்தம்மாள் பட்டுச்சேலையும் எட்டுப்பவுன் சங்கிலியுமாகப் பின்பக்கம் காட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக முனகியபடி இறங்கினாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். கீழே வந்து செருப்பைக்கூடத் தேடாமல், தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி ஏணிக் காலடியில் வைத்துவிட்டு, யாரும் வாங்க என்று சொல்லாத அந்தத் திறந்த கதவு வழியாக நேரே உள்ளே போய், முன்பின் பார்த்திராத மதினியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் தங்கபுஷ்பம் மதினி வாய்விட்டு அழுதாள். காலனி முழுவதும் கேட்டது. நாங்கள் எல்லோரும் அந்த ஏணி வழியாக இறங்கினோம்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். துட்டி வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆகவே சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சம்பந்தம் இருக்கிறதா முறிந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை, போன் பண்ணிக் கேட்கச் சிவபெருமாளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் மஸ்கட்டிலிருந்து மகன் வந்து கொள்ளி வைத்தான். மேல்கதவு சாத்தியே கிடந்தது. திறந்துகொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, திறக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. ஷிப்டுக்கு ஏணியில் இறங்கினார், ஏணியில் ஏறினார். காஸ் சிலிண்டரைக் கயிறு கட்டி மேலே இழுத்தோம், தண்ணீர்க் குடங்களை இழுத்தோம். ஏணி பிடிப்பதற்கு ஆள் மாற்றி ஆள் நின்றோம், என் முறை காலை ஏழு மணிக்கு. செண்பகவல்லி வேலைக்குப் போகும்போது ஏணிப்படியிலேயே நின்று கீழ்வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள், அவள் மனதில் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலாம் நாள் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. புத்தம்புது அலுமினிய ஏணி, அகலப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலில் ரப்பர். டிரைவர் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தான். சொர்ணத்தம்மாளின் கையெழுத்து: மூங்கில் ஏணி என் முழங்காலுக்கு ஆகாது. கல்யாண வேலையாக இனி நாங்கள் அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கும். இதை வைத்துக்கொள்ளவும்.

அந்தச் சீட்டைச் சிவபெருமாள் மூன்று தடவை படித்தார். செண்பகவல்லி புது ஏணியில் ஏறி, நடுப்படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதாள். சொர்ணத்தம்மாள் சொன்னபடியே வந்தாள், முகூர்த்தம் பேச ஒரு தடவை, ஜவுளிக்கு அளவு எடுக்க ஒரு தடவை, இரண்டு தடவையும் ஏணியில் ஏறி ஏணியில் இறங்கினாள். வேடிக்கை பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிரித்தவர்கள் விவரம் கேட்டுவிட்டு ஏணி பிடிக்க ஒரு கை கொடுத்தார்கள். மிஸ்டு கால் காலனி என்று சொல்லும் தொனி ஊரில் அப்போதுதான் மாறியது, நான் மீன்கடையில் என் காதாலேயே கேட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் மேகம் கறுத்தது. நான் மதினியோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே சிவபெருமாள் ஷிப்டு முடிந்து வந்து ஏணியில் கால் வைப்பது தெரிந்தது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து, அவர் எண்ணுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். திறக்கலாமா என்று கேட்டவருக்குக் கொடுக்கும் பதில் அது. அவர் கேட்கவே இல்லை.

ஏணிச் சத்தம் நடுவில் நின்றது. பிறகு மேலே ஏறி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மதினியின் போன் அடித்தது. ஒரு தடவை அடித்தது, நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு என்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் மதினியைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த அழைப்பை எடுத்தாள்.

"மதினி," என்றது குரல்.

"ம்."

"அண்ணாச்சி வெரலு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. மதினி காத்திருந்தாள். "அன்னைக்கு நான் யோசிக்கல மதினி. தப்பு என்னது."

மதினி மூக்கை உறிஞ்சினாள். "அவுகளுக்குத் தெரியும் தம்பி. மழ வருது, ஏணி வழுக்கும். கதவத் தொறங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், ஆவுடையப்பன் எங்கே கை ஊன்றி நிற்பாரோ அதே இடத்தில், நிலையின் மேல் தன் விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். மேலே தாழ்ப்பாள் நீங்கியது. கீழே கதவு அசைந்து, மெல்ல மெல்ல வந்து, அவள் விரல்களைத் தொட்டதும் நின்றது. மதினி கையை எடுக்கவில்லை. கதவும் நகரவில்லை. முதல் மழைத்துளிகள் வாசலில் விழுந்தன, அவள் அந்த நிலையைத் தடவிக்கொண்டு வேண்டிய மட்டும் நின்றாள், அதுவரை மேலே அந்தக் கோபக்கார மனிதர் கைக்குத் தடை தெரிந்த இடத்திலேயே நிறுத்திய கதவைப் பிடித்தபடி, ஒன்றும் கேட்காமல் காத்துக்கொண்டு நின்றார்.